பூனைக்கு ஆஸ்துமா: காரைக்குடிப் பக்கம் இன்ஹேலர் வைத்தியம் தொடங்குவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் பூனை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பூனைக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அல்லது உங்களுக்கே அப்படி ஒரு சந்தேகம் இருக்கலாம். கையில், மூச்சுக்குழாயை விரிக்கும் ‘சால்பியூட்டமால்’ மருந்தை எழுதிய சீட்டு. மெடிக்கல் கடையில் “இது மனுசங்களுக்கு உள்ளதாச்சே” என்கிறார்கள். வீட்டில் “பூனைக்கு இன்ஹேலரா!” என்று சிரிக்கிறார்கள். எங்கள் பூனைக்காக இதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மருந்தின் அளவை மட்டும் இதில் தேடாதீர்கள். அது உங்கள் பூனையின் எடையையும் இதயத்தையும் பார்த்து மருத்துவர் எழுத வேண்டியது. அவர் எழுதுவதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள்தான் இங்கே.

1. இருமலா, முடி கக்குவதா என்று பிரித்தறியுங்கள்

பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கைகளை வெளிப்பக்கம் அகட்டிக்கொண்டு ‘ஹக் ஹக்’ என்று இழுக்கிறதா? கடைசியில் எதையோ விழுங்குவது போலச் செய்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போகிறதா? வாயிலிருந்து ஒன்றும் விழவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் இருமல். முடி கக்கும் பூனை வயிற்றை எக்கி எக்கி, கடைசியில் உருட்டு முடியையோ நுரையையோ வெளியே தள்ளிவிடும்.

எங்கள் ஆயா “முடி கக்குதுடி, அருகம்புல் தின்னா சரியாப் போகும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பல வீடுகளில் இப்படித்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. வாதாட வேண்டாம், போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கிளினிக் மேசைமேல் ஏறியதும் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது. மருத்துவருக்கு அந்த வீடியோதான் சாட்சி.

அதோடு, பூனை நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். தூக்கத்திலும் திரும்பத் திரும்ப 40-ஐத் தாண்டினால் உடனே போன் போட்டுக் கேளுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நேரே கிளம்புங்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் காரியம், வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய இருமல் டானிக்கில் அரை ஸ்பூன் கொடுத்துப் பார்ப்பது. கொடுக்கவே கூடாது. சளி, இருமல் மருந்துகள் சிலவற்றில் பாரசிட்டமால் இருக்கிறது. பூனையின் கல்லீரலுக்கு அதைக் கழிக்கும் திறன் கிடையாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். வேறு சில டானிக்குகளில் சால்பியூட்டமாலோ டெர்பியூட்டலினோ கலந்திருக்கும். நாம் பேசப்போகும் அதே குடும்பத்து மருந்துதான் அது, ஆனால் வாய்வழியாகப் போனால் உடம்பு முழுக்கப் பரவி இதயத்தைப் போய் அடிக்கும்.

2. மருத்துவரிடம் போகும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

– தடுப்பூசி அட்டை, கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி.
– இருமல் வீடியோ, மூச்சு எண்ணிக்கையைத் தேதியோடு குறித்த தாள்.
– இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டை அல்லது அதன் போட்டோ.
– இதய நோய், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சீட்டு.
– எடை. வீட்டுத் தராசில் நீங்கள் ஒருமுறை தனியாகவும், பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம்.

மருந்து அட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். முன்பே யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அது எந்தத் தேதி என்பது முக்கியம். ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது மூச்சுக்குழாய் அழற்சி அடங்கித் தெரியும், பரிசோதனை குழம்பிவிடும். ‘என்ன ஊசி போட்டாங்கன்னு தெரியல’ என்று போய் நிற்காமல், எங்கே ஊசி போட்டாலும் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

3. எங்கே போவது, என்ன பரிசோதனை கேட்பது

முதல் படி உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனை அல்லது நம்பிக்கையான தனியார் மருத்துவர். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மாடு, ஆடு பார்க்க கிராமத்துக்குப் போய்விட்டார்கள் என்றால் காத்திருப்புதான் மிச்சம். எக்ஸ்ரே, இதய ஸ்கேன் என்று வந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டிவரலாம். இரண்டுமே காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது, அதுவும் எட்டும் தூரம்தான். எங்கே போனாலும் முந்தின நாளே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: நாளைக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா, பூனை வெறும் வயிற்றில் வர வேண்டுமா, ஆக்ஸிஜன் வசதி உண்டா. மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், மூச்சுக் கஷ்டம் உள்ள பூனையோடு அங்கே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஊர்தி முக்கியமாக மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கானது. நள்ளிரவில் பூனைக்கு அதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரே பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று என்று இரண்டு எடுப்பார்கள். ஆஸ்துமா உள்ள நுரையீரலில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்துப் போயிருக்கும். குறுக்காகத் தெரியும் குழாய்கள் குட்டிக் குட்டி உளுந்து வடை போல, நடுவில் ஓட்டையோடு வளையம் வளையமாகத் தெரியும். நீளவாக்கில் தெரிபவை இரட்டைக் கோடுகளாக ஓடும். மருத்துவரிடம் கேட்டால் விரலை வைத்துக் காட்டுவார். பார்த்துவிட்டால் பிறகு ‘வெறும் முடிதான்’ என்று வீட்டில் யார் சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் வராது. எக்ஸ்ரே சுத்தமாக வந்துவிட்டது என்பதாலேயே ஆஸ்துமா இல்லை என்றும் ஆகாது.

நுரையீரல் புழு இருந்தாலும் இதே இருமல் வரும். ஆகவே மலப் பரிசோதனையோ, அல்லது பல நாள் தொடர்ந்து கொடுக்கும் ஃபென்பெண்டசோல் புழு மருந்தோ சொல்வார்கள். பூனைக்குப் புழு மருந்து எதற்கு என்று கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

இதயத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். பூனைகளுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் சகஜம். அதுவும் மூச்சிரைப்பாகத்தான் வெளியே தெரியும். அந்தப் பூனைக்கு ஆஸ்துமா மருந்தை அடித்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதியில்.

ஒரு எச்சரிக்கை. பூனை திணறிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்ரே மேசையில் மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடிக்க விடாதீர்கள். முதலில் ஆக்ஸிஜனும் ஊசியும். மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் படம்.

4. மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது

இதைத் தாண்டிவிட்டு ஐந்தாம் படிக்கு ஓடலாம் என்று தோன்றும். ஓடாதீர்கள். இது புரிந்தால்தான் எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற தெளிவு வரும்.

பயந்தாலோ ஓடினாலோ உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது வேலை செய்வதற்கு உறுப்புகளில் ஏற்பிகள் உண்டு. அதில் பீட்டா என்ற வகையில் மூன்று: பீட்டா 1 முக்கியமாக இதயத்தில், பீட்டா 2 மூச்சுக்குழாய்த் தசை, கருப்பை, உடல் தசைகளின் ரத்தக் குழாய்களில், பீட்டா 3 கொழுப்புத் திசுவில். அட்ரினலின் செய்வதை இந்த ஏற்பிகளில் மட்டும் செய்யும்படி உண்டாக்கிய மருந்துகளுக்குத்தான் பீட்டா அட்ரினெர்ஜிக் அகோனிஸ்ட் என்று பெயர். சால்பியூட்டமால், டெர்பியூட்டலின் இரண்டும் பீட்டா 2-ஐ நாடிப் போகிறவை. ஏற்பியில் மருந்து உட்கார்ந்ததும் தசைச் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் கூடுகிறது, கால்சியம் குறைகிறது, இறுகிய தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. இன்ஹேலரில் போனால் சில நிமிடங்களில் வேலை தொடங்கும். ஆனால் சில மணி நேரம்தான் நிற்கும்.

இதில் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

மருந்து பீட்டா 2-ஐ நாடுகிறது என்றால் பீட்டா 1-ஐத் தொடவே தொடாது என்று அர்த்தமில்லை. அளவு கூடக் கூட இதயத்துக்கும் சிந்தும். இதயம் படபடக்கும், கைகால் நடுங்கும், ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் இழுக்கப்பட்டுக் குறையும். தடித்த இதயம் உள்ள பூனைக்கும், தைராய்டு கூடிய கிழட்டுப் பூனைக்கும் இது தாங்காது. இதய நோய்க்காகப் பூனை ஏற்கெனவே புரோப்ரனலால் போன்ற மருந்தில் இருந்தால் இன்னொரு சிக்கல்: அது இதே ஏற்பியை அடைப்பது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இரண்டாவது, இந்த மருந்து தசையை மட்டும்தான் தளர்த்துகிறது. ஆஸ்துமாவில் குழாய்ச் சுவர் வீங்கியிருக்கும், உள்ளே சளி அடைத்திருக்கும். வீக்கத்தையும் சளியையும் சால்பியூட்டமால் தீர்க்காது. அதற்கு ஸ்டீராய்டுதான். ‘அடிச்சா உடனே நிக்குது, இதுவே போதும்’ என்று பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே வீக்கம் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, தினமும் அடித்துக்கொண்டே இருந்தால் ஏற்பிகள் மழுங்கிப்போகும். ஆபத்து நேரத்தில் மருந்து பலிக்காது. போதாக்குறைக்கு, வழக்கமான சால்பியூட்டமால் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் கலவை. ஒன்று குழாயை விரிக்கிறது. மற்றொன்று, நாள்தோறும் போனால், அழற்சியைக் கூட்டுவதாகப் பூனைகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை செய்யும் வடிவம் மட்டும் உள்ளது லெவோசால்பியூட்டமால். லெவோலின் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைக்கிறது. எது வேண்டும் என்பதை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

ஆகக் கணக்கு இதுதான்: ஸ்டீராய்டு அன்றாடத்துக்கு, பீட்டா மருந்து அவசரத்துக்கு.

5. சீட்டும் மெடிக்கல் கடையும்

இவை மருத்துவர் சீட்டுக்குத் தர வேண்டிய மருந்துகள். சீட்டில் மருத்துவரின் பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்கட்டும். விலங்குக்கு எழுதும் சீட்டில் அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. வெறுமனே ‘பூனை’ என்று எழுதிவிட்டு உங்கள் பெயரை விட்டுவிட்டால், கடைக்காரர் தர மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயரும், ஓர் அழுத்தத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலர் பொதுவாக அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்.

கடையில் நடக்கும் கோளாறுகள் இவை:

பொடி மாத்திரை தருவார்கள். ரோட்டாகேப் என்ற கேப்சூலை ஒரு கருவியில் போட்டு உறிஞ்சும் வகை அது. மனிதர் வேகமாக உள்ளிழுத்தால்தான் பொடி நுரையீரலுக்குப் போகும். பூனையை ‘நல்லா இழு’ என்று யார் சொல்வது? ஒரு கடையில் என்னிடம் “ரெண்டும் ஒண்ணுதான், இது விலை கம்மி” என்று எடுத்து நீட்டினார்கள். ஒன்றல்ல. கேஸ் அடைத்த, அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலர்தான் வேண்டும்.

வால்வு இல்லாத ஸ்பேசரைத் தருவார்கள். ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் கூண்டு. பூனை உள்ளே இழுக்கும்போது திறந்து, வெளியே விடும்போது மூடும் வால்வு அதில் இருக்க வேண்டும். முகமூடி கைக்குழந்தைக்கு உள்ள மிகச் சிறிய அளவு. பெரிய அளவு வாங்கினால் கண்ணை மூடிக்கொள்ளும், பூனை பாய்ந்துவிடும். பூனைக்கென்றே செய்த வெளிநாட்டுக் கூண்டு இணையத்தில் கிடைக்கிறது, விலை பல ஆயிரம். குழந்தை ஸ்பேசர் வைத்துத் தொடங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து.

கேட்டது இல்லை என்றால் கூட்டு மருந்து தருவார்கள். ஃபோராகார்ட், செரோஃப்ளோ போன்றவற்றில் ஸ்டீராய்டோடு நீண்ட நேரம் வேலை செய்யும் பீட்டா மருந்தும் சேர்ந்திருக்கிறது. சில பூனைகளுக்கு மருத்துவரே அதை எழுதுவார். ஆனால் கடைக்காரர் மாற்றித் தரக் கூடாது. அவசரத்துக்கு அஸ்தாலின் (சால்பியூட்டமாலின் ஒரு கடைப்பெயர்) எழுதியிருந்தால் அந்த இடத்தில் இவை உதவாது. இன்ஹேலரின் நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் ‘தினமும்’, ‘அவசரம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

6. முகமூடியைப் பழக்குங்கள்: இரண்டு வாரம் ஒதுக்குங்கள்

இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை சமாளிக்க வாய்வழி பிரெட்னிசலோன் கொடுத்துப் பிறகு மெல்லக் குறைப்பார்கள். (பிரெட்னிசலோன், பிரெட்னிசோன் இரண்டில் பூனைக்கு முதலாவதுதான். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் கவனம்.) அந்த இரண்டு வாரம் உங்களுக்கும் பயிற்சிக் காலம். மூச்சுத் திணறும் நாளில் முதல்முதலாக முகமூடியைக் காட்டினால் பூனை பரணில் ஏறிவிடும்.

முதலில் முகமூடியை மட்டும் தரையில் போட்டுவையுங்கள். உள்ளே உப்புப் போடாமல் வேகவைத்த கோழியில் ஒரு நார். மூக்கை உள்ளே விட்டு எடுத்துத் தின்னட்டும். இரண்டு மூன்று நாளில் நீங்கள் கையில் பிடித்து நீட்டலாம். அப்புறம் கூண்டை மாட்டி, மருந்து இல்லாமல் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு என்று மூக்கில் வைத்து எடுங்கள். உடனே தீனி. ஒவ்வொரு முறையும் தீனி. எந்த நாளும் பூனையைத் துரத்திப் பிடித்துச் செய்யாதீர்கள், துரத்தின கையை அது ஒரு மாதம் மறக்காது.

பூனைகளுக்கு முகமூடியைவிட ‘புஸ்’ என்ற சத்தம்தான் பயம். பாம்பு சீறுவதும் அப்படித்தான் கேட்கும். ஆகவே முகத்தில் வைத்துக்கொண்டு அழுத்தாதீர்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கூண்டுக்குள் ஒரு முறை அழுத்தி, உடனே முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி வையுங்கள். வால்வு அசைவதைப் பார்த்து 7 முதல் 10 மூச்சு எண்ணுங்கள். வால்வு அசையவில்லையென்றால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை, மருந்து வளவுக் காற்றோடு போய்விட்டது. இரண்டு அழுத்தம் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாக அழுத்தாமல் ஒவ்வொன்றாக.

புது இன்ஹேலரையும், பல நாள் தொடாமல் வைத்திருந்ததையும் முதலில் சில முறை காற்றில் அழுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். கூண்டை வாரம் ஒருமுறை லேசான சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு அடித்த பிறகு பூனையின் மூக்கைச் சுற்றி ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

எத்தனை அழுத்தம் மிச்சம் என்பதைக் காட்டும் எண் எல்லா இன்ஹேலரிலும் இல்லை. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தை நம்பத்தக்கதல்ல. காலண்டரில் கோடு போடுங்கள். 200 அழுத்தம் உள்ள ஸ்டீராய்டு இன்ஹேலர், காலை ஒன்று மாலை ஒன்று என்றால் 100 நாள் வரும்.

7. திணறல் வந்துவிட்டால்

‘அவசரத் திட்டம்’ ஒன்றை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை அழுத்தம், எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப, எத்தனை முறைக்கு மேல் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த மூன்று எண்ணும் இல்லாமல் சால்பியூட்டமாலை வீட்டில் வைத்திருப்பதில் பயனில்லை.

திணறல் தொடங்கினால் ஃபேனைப் போட்டு, ஆட்களை வெளியே அனுப்பி, பூனையை உட்கார்ந்த இடத்திலேயே விட்டு மருந்தைக் கொடுங்கள். மடியில் இறுக்கிப் பிடித்தால் ஆக்ஸிஜன் தேவை இன்னும் கூடும். அடித்த பிறகு மூச்சு குறைகிறதா என்று எண்ணுங்கள். குறையவில்லை என்றால் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று சொந்தமாகக் கூட்டாதீர்கள்.

மருத்துவர் டெர்பியூட்டலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம். கால் மணி, அரை மணிக்குள் மூச்சு தணியத் தொடங்கும். இதயத் துடிப்பு ஏறுவதும் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்பதால் அதையும் எண்ணிப் பார்ப்பார். வழக்கமான அளவில் 4 கிலோ பூனைக்கு 0.04 மில்லிகிராம்தான். மில்லிக்கு 0.5 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து அது 0.08 மில்லி, மில்லிக்கு 100 யூனிட் என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 8 யூனிட். ஒரு புள்ளி தள்ளி வைத்தால் பத்து மடங்கு. ‘நானே போட்டுக்கறேன், மருந்தைக் கொடுங்க’ என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நேரில் செய்து காட்டிப் பழக்காமல் வீட்டில் வேண்டாம்.

8. வீட்டில் என்ன மாற்ற வேண்டும்

மருந்து பாதி, வீடு பாதி. நம் பக்கத்து வீடுகளில் பூனைக்கு ஆகாதவை நிறைய: வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், மிளகாயும் மல்லியும் வறுக்கும் நெடி, முற்றத்தில் வந்து படியும் செம்மண் தூசி. சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அந்த நேரத்தில் பூனையை வீட்டின் பின்கட்டிலுள்ள ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள், போதும். கொசுவத்திக்குப் பதில் வலை. மலத்தொட்டியில் மரத்தூளும் பொடி மண்ணும் போடாமல், தூசி பறக்காத பருமணல் அல்லது கிழித்த காகிதம்.

கல்யாணமோ படைப்போ வந்தால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்து வெள்ளையடிப்போம். அந்த வாரம் பூனையை அந்தப் பக்கமே விடாதீர்கள். போகியன்று அதிகாலைப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து வரும். அதற்கு முன்பே அவசர இன்ஹேலர் தீர்ந்துவிடவில்லையா என்று பாருங்கள்.

இன்ஹேலரை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுப் போனால் அது வெடிக்கவும் கூடும். வீட்டில் எந்த அறை குளுமையோ அங்கே.

9. செலவு

தோராயமாகச் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். சால்பியூட்டமால் இன்ஹேலர் 150 ரூபாய்க்கு முன்பின். ஸ்டீராய்டு இன்ஹேலர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஸ்பேசரும் குழந்தை முகமூடியும் சேர்ந்து சில நூறு ரூபாய். எக்ஸ்ரே ஒரு படத்துக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் மிகக் குறைவு. மதுரைக்கு வாடகைக் காரில் போய்வருவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. ஆகவே ஒரே நாளில் எக்ஸ்ரே, ரத்தம், இதயம் மூன்றையும் முடித்துக்கொண்டு வரப் பாருங்கள். மாதச் செலவு என்று பார்த்தால் தொடங்கியபின் பயப்படும்படி இல்லை.

மலிவாக முடிக்க நினைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பூனைக்கு அதனால் சர்க்கரை நோய் வரக்கூடும். வந்தால் இன்சுலின் செலவு தனி.

10. வீட்டில் மாடு, ஆடு, நாயும் இருந்தால்

நாய் இருந்தால் இன்ஹேலரை எட்டாத உயரத்தில் வையுங்கள். பந்து என்று நினைத்துக் கடித்து ஓட்டையானால் ஏராளமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும். வாந்தி, நடுக்கம், தாறுமாறான இதயத் துடிப்பு, பொட்டாசியம் சரிந்து தளர்ச்சி. ‘தெளிஞ்சிரும்’ என்று காத்திருக்காமல் கடித்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

மாட்டுக்கு இதே குடும்பத்து மருந்துகளை மருத்துவர்கள் வேறு காரணத்துக்குப் போடுவார்கள். கருப்பையிலும் பீட்டா 2 இருப்பதால், ஐசாக்ஸுப்ரின் போன்றவை கருப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும். குதிரைக்கு மூச்சிரைப்பில் கிளென்பியூட்டரால் கொடுக்கும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு.

அதே கிளென்பியூட்டரால் கூடுதல் அளவில் கொழுப்பைக் குறைத்துச் சதையைக் கூட்டும். ஆட்டுக்கோ மஞ்சுவிரட்டுக் காளைக்கோ ‘சதை பிடிக்க’ என்று யாராவது இதைச் சொன்னால் கேட்காதீர்கள். ஈரலில் தங்கும் மருந்து அது, சமையல் சூட்டுக்கும் அழியாது. ஸ்பெயினில் 1990-ல் அப்படிப்பட்ட மாட்டு ஈரலைத் தின்றவர்கள் நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் கறிக்கு வளர்க்கும் விலங்குகளின் சதையைக் கூட்ட இந்த வகை மருந்துகளைக் கொடுப்பதைத் தடைசெய்தது.

11. மறுபரிசோதனையும் ஊருக்குப் போவதும்

இருமல் நின்றுவிட்டது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பூனைகளுக்கு இது ஆயுளுக்கும் உள்ளது. தொடங்கிய சில வாரத்தில் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் காட்டுங்கள். போகும்போது அவசர இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற கணக்கையும் கொண்டுபோங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஸ்டீராய்டு அளவு போதவில்லை, அல்லது முகமூடி சரியாக உட்காரவில்லை. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. அதனால் அளவைக் கூட்டும் முன் மருத்துவர் எதிரிலேயே ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள்.

சென்னைக்கோ மதுரைக்கோ சில நாள் போக வேண்டியிருந்தால், பூனையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரை அதற்கு முந்தின வாரமே வரவழைத்து, அவர் கையாலேயே இரண்டு மூன்று வேளை கொடுக்கச் செய்யுங்கள். அவசரத் திட்டத்தின் நகல், மருத்துவரின் எண், இரவில் கிளம்ப ஒரு கார்க்காரரின் எண், பூனைக்கூடை நான்கையும் ஒரே இடத்தில் வைத்து அவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். இன்ஹேலரின் காலாவதித் தேதியையும் அப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்; அவசரத்துக்கு என்று வாங்கி ஓரமாய் வைத்ததுதான் யாரும் கவனிக்காமல் தேதி தாண்டிக் கிடக்கும்.